ஸ்டார்ட்_செகண்டரியில் உடைந்த முத்திரை: ஸ்டாக் பாதுகாப்பை ஒரே ஒரு செயற்கூற்றில் விலக்கிய அனுபவம்

நாங்கள் பராமரிக்கும் நான்கு கோர் (செயலி அலகு) கொண்ட எக்ஸ்86-64 வலையமைப்புப் பெட்டியின் கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்), 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லினக்ஸ் 5.4 வரிசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பிறகு மூலக் கெர்னலில் (லினக்ஸ் குழுவினர் வெளியிடும் பொதுப் பதிப்பில்) வந்த திருத்தங்கள் எதுவும் சேராமல் அது அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கெர்னலைத் தொகுக்கும் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது மூல நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசியின் 8.3 பதிப்பு போய் 10.2 வந்தது. மூல நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் புதிய கம்பைலரால் தொகுத்த கெர்னல், சீரியல் கன்சோலில் இரண்டாம் நிலைச் செயலிகளை எழுப்புவதாக ஒரு வரி அச்சிட்டு, முதல் கணுவில் 1ஆம் எண் செயலி என்று காட்டிய இடத்திலேயே பேனிக் ஆகி (மீள முடியாத பிழையைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு) நின்றது. ஸ்டார்ட்_செகண்டரி என்ற செயற்கூற்றில் (ஃபங்ஷனில்) கெர்னலின் ஸ்டாக், அதாவது செயற்கூறுகள் தம் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகம், சிதைந்துவிட்டது என்றது பேனிக் செய்தி. ஓடிக்கொண்டிருந்த பணியின் பெயர் ஸ்வாப்பர்/1, அதன் எண் 0. அதாவது இரண்டாவது கோரின் வெற்றுப் பணி (வேறு வேலை இல்லாதபோது ஓடுவது) பிறந்த கணத்திலேயே விழுந்திருக்கிறது.

ஸ்டாக் சிதைந்தது என்று கெர்னல் சொன்னால் அதை நம்புவதுதான் வழக்கம் என்பதால், நானும் ஒரு மாலை முழுவதும் நம்பினேன். எங்கோ ஓர் அணி எல்லை மீறி எழுதுகிறது, பழைய கம்பைலர் மாறிகளை அடுக்கிய வரிசையில் அது மறைந்திருந்தது, புதியது அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்பது என் முதல் கணிப்பு. எங்கள் பெட்டிக்கென்றே சேர்க்கப்பட்ட இரண்டு டிரைவர்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். பேனிக் அசையவில்லை. பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு அதே கெர்னலை க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் நான்கு மெய்நிகர் செயலிகளோடு ஓட்டியபோதும் அதே இடத்தில் அதே செய்தி வந்தது. கெர்னலின் கட்டளை வரியில் செயலிகளின் உச்ச எண்ணிக்கையை 1 என்று கொடுத்ததும் அது எந்த முணுமுணுப்பும் இல்லாமல் உள்நுழைவுத் திரை வரை போனது. வன்பொருளும் டிரைவர்களும் குற்றமற்றவை என்பது அப்போது தெளிவாயிற்று.

அடுத்து கெர்னலின் அமைப்புக் கோப்பில் ஸ்டாக் பாதுகாப்பின் அளவை மாற்றிப் பார்த்தேன். வலுவான வகையை விட்டுச் சாதாரண வகைக்கு இறங்கியதும் நான்கு கோர்களும் எழுந்தன. பக்கத்தில் இருந்த இளைய நண்பர், "அண்ணா, அப்போ இதையே வச்சுக்கலாமே, எதுக்கு மெனக்கெடணும்?" என்றார். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட பெட்டியில் அப்படிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு, காரணம் தெரியாமல் ஒரு நோயை மறைத்தால் அது வேறு இடத்தில் தலைகாட்டும் என்ற பயமும் இருந்தது.

இந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு செயற்கூறு தொடங்கும்போது, தனக்குரிய ஸ்டாக் பகுதியில் திரும்பு முகவரிக்குக் கீழே, யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை வைக்கிறது. அதற்குக் கேனரி என்று பெயர். முடியும்போது அந்த எண்ணை அசலோடு ஒப்பிடுகிறது. இடையில் ஏதாவது ஓர் அணி நிரம்பி வழிந்து திரும்பு முகவரி வரை எழுதியிருந்தால், வழியில் கேனரியும் அழிந்திருக்கும். கருவூல அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போய், மறுநாள் முத்திரையைப் பார்த்த பின்பே பூட்டைத் திறக்கும் பழைய ஏற்பாட்டைப் போன்றது இது. 64 பிட் எக்ஸ்86 கெர்னலில், அந்தக் காலத்து வடிவமைப்பின்படி, அசல் எண் ஒவ்வொரு செயலிக்கும் தனியான நினைவகப் பகுதியில், ஜிஎஸ் பதிவகத்தின் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) அடிமுகவரியிலிருந்து 40 பைட் தள்ளி இருந்தது. அந்த 40 என்ற எண் ஜிசிசிக்குள்ளேயே பதிந்துபோனது என்பதால், கெர்னல் தன் தரவமைப்பை அதற்கேற்ப வளைத்து, முதல் 40 பைட்டுகளை இட்டுநிரப்பிவிட்டு அதற்கடுத்துக் கேனரியை வைத்திருந்தது.

எல்லாச் செயற்கூறுகளுக்கும் இந்தக் காவல் கிடைப்பதில்லை. சாதாரண வகை, 8 பைட் அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்து அணிகள் உள்ள செயற்கூறுகளை மட்டும் காக்கும். 2014இல் ஜிசிசி 4.9இல் வந்து, அதே ஆண்டு லினக்ஸ் 3.14இல் இடம்பிடித்த வலுவான வகையோ, எந்த வகை அணி இருந்தாலும், ஓர் உள்ளூர் மாறியின் முகவரி எடுக்கப்பட்டிருந்தாலும் காவல் போட்டுவிடும். இந்த வேறுபாட்டில்தான் எனக்கு முதல் துப்பு கிடைத்தது. ஸ்டார்ட்_செகண்டரியில் அணி எதுவும் இல்லை, முகவரி எடுக்கப்பட்ட மாறியும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் காவல் எங்கிருந்து வந்தது?

எஸ்எம்பிபூட்.சி கோப்பைத் திறந்து அந்தச் செயற்கூற்றை வரிவரியாகப் படித்தேன். ஒரு கோர் விழித்ததும் முதலில் ஓடும் சி நிரல்களில் ஒன்று இது. செயலியை ஆயத்தப்படுத்தி, தான் வந்துவிட்டதை முதல் செயலிக்கு அறிவித்து, தன்னை இயங்கும் செயலிகளின் பட்டியலில் சேர்த்து, குறுக்கீடுகளைத் திறந்துவிட்டு, கடைசியில் சிபியு_ஸ்டார்ட்அப்_என்ட்ரி என்பதை அழைக்கிறது. அங்கே போனவர் திரும்புவதில்லை, அது வெற்றுச் சுழலின் வாசல். அதற்குச் சற்று முன்னால் பூட்_இனிட்_ஸ்டாக்_கேனரி என்ற அழைப்பும், அதன் தலைக்கு மேலே, ஸ்டாக் சோதனை பொய்யாகத் தோல்வியடைவதைத் தடுப்பதற்காக என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தன. பொய்த் தோல்வியைத் தடுக்க வைத்த வரிதான் பொய்த் தோல்வியை உண்டாக்கியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் சிறிய செயற்கூறு, கேனரி என்று பெயரிட்ட ஓர் உள்ளூர் மாறியை அறிவித்து, அதன் முகவரியை கெட்_ரேண்டம்_பைட்ஸ் என்பதிடம் கொடுத்து நிரப்பிக்கொள்கிறது. அதோடு செயலியின் நேர எண்ணியைக் கலந்து, எழுத்துச் சரங்கள் வழிந்து வந்தால் அங்கேயே நிற்கும்படி கடைக்கோடி பைட்டைச் சுழியாக்கி, ஜிஎஸ் வழியே உரிய இடத்தில் எழுதுகிறது. எப்போதும் அழைப்பவருக்குள்ளேயே விரிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே முகவரி எடுக்கப்பட்ட அந்த மாறி உண்மையில் ஸ்டார்ட்_செகண்டரியின் ஸ்டாக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வலுவான வகை அதைப் பார்த்ததும் ஸ்டார்ட்_செகண்டரிக்குக் காவல் போடுகிறது. முத்திரை அச்சை மாற்ற வந்த அதிகாரி நிற்கும் அறைக்கே, அவர் கையில் அச்சு இருக்கிறது என்ற காரணத்துக்காக, முத்திரை வைத்துப் பூட்டியது போல ஆகிவிட்டது.

இது ஜிசிசி 8.3இலும் அப்படியேதான் இருந்தது. அங்கே ஏன் வெடிக்கவில்லை என்பதை அறிய இரண்டு கம்பைலர்களின் விளைவையும் ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் அசெம்பிளியாக (எந்திரக் கட்டளைகளாக) விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான்: ஜிஎஸ்ஸில் 40ஆவது பைட்டிலிருந்து எண்ணை எடுத்து ஸ்டாக்கில் வைக்கும் இரண்டு கட்டளைகள். முடிவில்தான் பாதை பிரிந்தது. பழைய கம்பைலர் சிபியு_ஸ்டார்ட்அப்_என்ட்ரியை வழக்கமான கால் (call) கட்டளையால் அழைத்து, அது திரும்பி வந்த பிறகு ஓடும்படி சோதனையை வைத்திருந்தது. அது திரும்புவதே இல்லை, எனவே சோதனையும் ஓடியதே இல்லை. புதிய கம்பைலரின் விளைவில் கடைசிக் கட்டளை கால் அல்ல, ஜம்ப். ஒரு செயற்கூறு தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்தால், தன் ஸ்டாக் பகுதியைக் காலிசெய்துவிட்டு நேராக அங்கே தாவிவிடலாம் என்ற நெடுநாளைய சிக்கன உத்தி அது, டெயில் கால் என்று சொல்வார்கள். காலிசெய்வதற்கு முன் சோதித்தாக வேண்டும் அல்லவா? ஆகவே ஜம்ப்புக்கு முன்னால் மூன்று கட்டளைகள் வரிசையாக நின்றன: ஸ்டாக்கில் வைத்த எண்ணை எடுத்தல், ஜிஎஸ்ஸில் இருப்பதோடு எக்ஸ்ஓஆர் செய்தல் (இரண்டும் ஒன்றானால் விடை சுழி), விடை சுழியாக இல்லாவிட்டால் தோல்வி வழிக்குப் போதல். ஸ்டாக்கில் இருப்பது உள்ளே நுழைந்தபோது எடுத்த பழைய எண். ஜிஎஸ்ஸில் இருப்பது சற்று முன் எழுதிய புதிய எண். அவை பொருந்த வழியே இல்லை.

கம்பைலர் செய்ததில் பிழை எதுவும் இல்லை. சிபியு_ஸ்டார்ட்அப்_என்ட்ரி திரும்பாது என்று யாரும் அதற்கு அறிவித்திருக்கவில்லை. கேனரியின் அசல் எண் நடுவழியில் மாறும் என்றும் அது எதிர்பார்க்கவில்லை. முதல் செயலியின் தொடக்கமான ஸ்டார்ட்_கெர்னலும் இதே பூட்_இனிட்_ஸ்டாக்_கேனரியைத் தனக்குள் விரித்துக்கொள்கிறது, ஆனால் அங்கே ஜம்ப் உருவாகவில்லை. கட்டளை வரியைச் சுட்டும் மாறி ஒன்றின் முகவரி அங்கே தொடக்கத்திலேயே வெளியே கொடுக்கப்படுகிறது, அந்த மாறியின் ஆயுளும் செயற்கூற்றின் இறுதி வரை நீள்கிறது. யாரோ ஒருவர் கையில் முகவரி இருக்கும்போது ஸ்டாக்கைக் காலிசெய்துவிட்டுத் தாவ முடியாது. ஒரே செயலியோடு ஓட்டியபோது கெர்னல் எழுந்ததன் காரணம் இதுதான். இன்னொரு கம்பைலர் பதிப்பில் அந்தப் பாக்கியம் நீடிக்கும் என்று நம்பி இருக்க எனக்குத் துணிவில்லை.

இனி வைத்தியம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: அந்த ஒரு செயற்கூற்றின் தலையில், ஆப்டிமைஸ் என்ற பண்பை (ஒரு செயற்கூற்றுக்கு மட்டும் கம்பைலருக்குத் தரும் குறிப்பு) போட்டு, அதற்குள் ஸ்டாக் பாதுகாப்பு வேண்டாம் என்று எழுதினேன். பேனிக் போயிற்று. ஆனால் தொகுக்கும்போதே, விளைந்த எந்திர நிரலைச் சரிபார்க்கும் ஆப்ஜ்டூல், ஸ்டார்ட்_செகண்டரிக்குள் ஃப்ரேம் பாயிண்டரை (நடப்புச் செயற்கூற்றின் ஸ்டாக் பகுதியைச் சுட்டும் பதிவகம்) அமைக்காமல் ஓர் அழைப்பு நடக்கிறது என்று எச்சரித்தது. எங்கள் கெர்னல், பிழை நேரத்தில் அழைப்புச் சங்கிலியைத் தடம்பிடிக்க ஃப்ரேம் பாயிண்டரையே நம்பியிருப்பது. இந்தப் பண்பு கட்டளை வரியில் கொடுத்த தெரிவுகளோடு புதியதைக் கூட்டுவதில்லை. அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் தான் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறது, அதில் ஃப்ரேம் பாயிண்டரை விடக்கூடாது என்ற தெரிவும் சேர்ந்து போய்விடுகிறது. பிழைதேடலுக்கு மட்டுமே இந்தப் பண்பைப் பயன்படுத்துங்கள், வெளியிடும் நிரலில் வேண்டாம் என்று ஜிசிசியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. கையேட்டை முதலில் படித்திருந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் இதே பிழையை மூலக் கெர்னலில் எப்படித் தீர்த்தார்கள் என்று தேடினேன். கெர்னல் நிரலாளர் போரிஸ்லாவ் பெட்கோவின் கமிட் (பதிவுசெய்த திருத்தம்) ஒன்று 2020 மே மாதம் உள்ளே வந்திருக்கிறது. ஜிசிசி 10இல் தொடக்கத்திலேயே விழும் பிழைக்கு மூன்றாவது முயற்சி என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்ளும் கமிட் அது. நான் விழுந்த ஆப்டிமைஸ் குழியில்தான் அவர்களின் முதல் முயற்சியும் விழுந்திருந்தது. இரண்டாவது முயற்சி, கடைசி அழைப்புக்குப் பின்னால் வெறுமையான ஓர் அசெம்பிளி வரியைப் போடுவது. கடைசி அழைப்பு இனி கடைசி அல்ல என்பதால் தாவல் நின்றுவிடும், ஆனால் வருங்கால மேம்படுத்தல் எதுவும் அந்த வெறுமையைத் துடைத்துவிடலாம். மூன்றாவதாக, அந்த இடத்தில் நினைவகத் தடுப்புக் கட்டளை ஒன்றை வைத்தார்கள், கம்பைலரால் அதை அகற்றவோ நகர்த்தவோ முடியாது. ஒருநாளும் ஓடப்போகாத கட்டளை என்பதால் அதற்கு நேரச் செலவும் இல்லை. ஸ்டார்ட்_செகண்டரி, ஸ்டார்ட்_கெர்னல், ஸென் மெய்நிகராக்கத்துக்கான இணைச் செயற்கூறு ஆகிய மூன்றின் இறுதியிலும் அதைப் போட்டிருந்தார்கள். அதோடு பூட்_இனிட்_ஸ்டாக்_கேனரியின் மேலிருந்த குறிப்பையும் நீட்டி, இதை அழைப்பவர் பாதுகாப்பு அணைக்கப்பட்ட கோப்பில் இருக்க வேண்டும், அல்லது தாவலாக மாறக்கூடிய அழைப்போடு முடியக்கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

கோப்பு முழுவதற்கும் பாதுகாப்பை அணைக்கும் வழியையும் சோதித்தேன். தொகுக்கும் விதிகள் உள்ள மேக்ஃபைலில், எஸ்எம்பிபூட்.ஓ உருவாகும்போது மட்டும் ஸ்டாக் பாதுகாப்பு வேண்டாம் என்று ஒரே ஒரு வரி. அது வேலை செய்தது. மேக்ஃபைல் தெரிவு மற்றத் தெரிவுகளோடு கூட்டப்படுவதால் ஃப்ரேம் பாயிண்டருக்கும் கேடு இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் செயலிகளை எழுப்புவதும் அணைப்பதும் அவற்றின் இட அமைப்பைக் கணக்கிடுவதுமாகப் பல செயற்கூறுகள் இருக்கின்றன. ஒன்றுக்காக அத்தனையின் காவலையும் எடுப்பது எனக்கு உறுத்தியது.

கோப்பு முழுவதையும் விலக்குவதே சரியான இடங்களும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு வந்தது, கேனரியின் மதிப்பு நடுவில் மாறும் சிக்கல். கேனரி இருக்க வேண்டிய இடமே இன்னும் உருவாகாத சிக்கல் வேறு. பவர்பிசி என்ற வேறொரு செயலி வகைக்கான 64 பிட் கெர்னலில் கேனரி, பாக்கா என்ற செயலிவாரி அமைப்புக்குள் இருக்கிறது, அதை ஆர்13 பதிவகம் சுட்டும். தொடக்கத்தின் முதல் சில செயற்கூறுகள் ஓடும்போது பாக்கா அமைக்கப்பட்டிராது, ஆர்13இல் முந்தைய நிரல் விட்டுச்சென்ற ஏதோ ஒரு மதிப்பு இருக்கும். அந்த நேரத்தில் காவல் போட்ட செயற்கூறு ஒன்று ஓடினால், கண்ட முகவரியிலிருந்து கேனரியைப் படிக்கும். அந்த முகவரி நினைவகத்துக்கு வெளியே விழுந்தால் மெஷின் செக் என்ற வன்பொருள் பிழையில் எந்திரமே நின்றுவிடும். 2020 மார்ச்சில் அந்தச் செயற்கூறுகளுக்கு இதே ஆப்டிமைஸ் பண்பைப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கெர்னல் நிரலாளர் ஆர்ட் பீஷுவேல் அதை எடுத்துவிட்டுக் கோப்பளவில் அணைக்கும் திருத்தத்தைக் கொடுத்தார். எக்ஸ்86இலும் 5.10 வெளியீட்டின்போது, ஜிஎஸ் அமைவதற்கு முன்பே ஓடும் நிரல் சேர்ந்ததால், ஹெட்64.சி கோப்புக்கு முழுமையாகப் பாதுகாப்பை அணைத்தார்கள். அத்தகைய கோப்புகளில் இருப்பதே பெரும்பாலும் தொடக்கக்கால நிரல்தான் என்பதால் இழப்பும் குறைவு.

எங்கள் பேட்ச் (திருத்தம்) கடைசியில் இரண்டு பகுதிகளாக அமைந்தது. ஜிசிசி 10 வரை, மூலக் கெர்னலின் நினைவகத் தடுப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஜிசிசி 11 முதல், ஒரு செயற்கூற்றுக்கு மட்டும் ஸ்டாக் பாதுகாப்பை விலக்கும் தனிப் பண்பு கம்பைலரிலேயே இருக்கிறது. அது மற்றத் தெரிவுகளைத் தொடுவதில்லை. கிளாங் என்ற மற்றொரு கம்பைலரில் அது முன்பே இருந்தது. மூலக் கெர்னலும் 2023இல் ஸ்டார்ட்_கெர்னலுக்கு அந்தப் பண்பைப் போட்டது. அதைப் போலவே, கம்பைலரிடம் அந்தப் பண்பு இருந்தால் போடும், இல்லாவிட்டால் வெறுமையாகும் ஒரு மேக்ரோவை எழுதினேன். போட வேண்டிய இடம் அழைக்கும் செயற்கூறு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பூட்_இனிட்_ஸ்டாக்_கேனரியின் தலையில் அதைப் போடத்தான் முதலில் கை போகும். ஆனால் அது விரிந்து கரைந்துவிடுவது, காவல் நிற்பது அதை விழுங்கிய வெளிச் செயற்கூற்றின் வாசலில். இதற்கு மறுபக்கமும் உண்டு: பண்பு போட்ட செயற்கூற்றுக்குள் வேறு எவையேனும் விரிந்தால் அவையும் காவல் இல்லாமல் போகும். ஆகவே தொகுத்த பிறகு அசெம்பிளியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நான் பார்த்தேன். ஜிசிசி 10.2இல் கால் கட்டளையும் அதன் பின்னால் எம்ஃபென்ஸ் என்ற நினைவகத் தடுப்புக் கட்டளையும் இருந்தன, சோதனை அதற்கும் பின்னால் போய்விட்டது. ஜிசிசி 11இல், நுழையும்போது ஜிஎஸ்ஸைப் படிக்கும் கட்டளையே இல்லை. இரண்டையும் க்யூஎமுவிலும் பெட்டியிலும் திரும்பத் திரும்ப பூட் செய்தேன். ஸ்டார்ட்_செகண்டரி தொடக்கத்தில் மட்டும் ஓடுவதில்லை, அணைத்த கோர் ஒன்றை மீண்டும் எழுப்பும்போதும் ஓடும். எனவே கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் மூன்றாம் எண் செயலியின் ஆன்லைன் கோப்பில் 0, 1 என்று மாறிமாறி எழுதும் சிறு ஷெல் சுழலை இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் பெட்டி நலமாக இருந்தது.

கடைசியாக, காவல் மற்ற இடங்களில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றே கெர்னலை விழவைப்பதற்காகவே லினக்ஸில் எல்கேடிடிஎம் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. அதைச் சேர்த்துத் தொகுத்து, பிழைதேடலுக்கான டீபக்எஃப்எஸ் கோப்புகள் வழியாக, வலுவான வகையைச் சோதிக்கும் ஸ்டாக் சிதைவுச் சோதனையின் பெயரை எழுதி ஓட்டினேன். அந்த நொடியே கன்சோலில் பேனிக் வந்தது. கெர்னலின் ஸ்டாக் சிதைந்துவிட்டது என்ற அதே வாசகம், இந்த முறை எல்கேடிடிஎம்மின் செயற்கூற்றுப் பெயரோடு. நண்பர் திரையை எட்டிப்பார்த்து, "மறுபடியுமா அண்ணா?" என்றார்.